கமிஷனர் தொட்டுப் பார்த்த வீடுகள்

அவருடைய வலது கையை மட்டும் பார்த்தவர்கள் அவரை வக்கீல் என்று நம்பமாட்டார்கள். நகக்கண்ணில் சுண்ணாம்பு இருக்கும், விரலிடுக்கில் அடுப்புக்கரி இருக்கும், மணிக்கட்டில் எந்த ஊருடையது என்று தெரியாத தூசி இருக்கும். இடது கைதான் படித்த மனிதருடைய கை. கோர்ட்டில் வாதாடும்போது அதை வீசித்தான் பேசுவார். வலது கை கறுப்புக் கோட்டின் பைக்குள் பதுங்கியிருக்கும். முன்சீப்பு ஒருநாள், "வக்கீலுக்குக் கையில் காயமா?" என்றே கேட்டுவிட்டார். இவர் கூச்சமே இல்லாமல் கையை வெளியே எடுத்துக் காட்டி, "இல்லீங்க, வேலை" என்றார்.

அந்த வேலையில் நானும் கூட்டாளி. ஒரு கட்டடத்தைப் பற்றி இரண்டு தரப்பும் நேர் எதிராகச் சொன்னால், போய்ப் பார்த்து உள்ளதை எழுதி வா என்று கோர்ட் ஒரு வக்கீலை அனுப்பும். அப்படி அனுப்பப்படுகிறவருக்குக் கமிஷனர் என்று பெயர். வேறு வக்கீல்கள் அந்த வேலையைக் கண்டால் ஓடுவார்கள். வெயில், ரயில், நாற்றம், இரண்டு பக்கத்து வசவு. இவர் மட்டும் கல்யாணத்துக்குக் கூப்பிட்ட மாதிரி போவார். அவருடன் போய்ப் பிளான் வரைகிறவன் நான். என்னிடம் ஒரு டேப்பு, ஒரு பலகை, நான்கு பென்சில் இருந்தன. அவரைவிட மூன்று வயது கூடுதலும் அவரிடம் இல்லாத பொறுமையும் இருந்தன.

வேலூர், ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்து வாடகை வழக்குகளில் முக்கால்வாசி அப்போது ஒரே கேள்வியில் வந்து நிற்கும். இது வீடா, தொழிலிடமா? குடியிருக்க விட்ட இடமென்றால் பதினைந்து நாள் நோட்டீசு போதும், வாடகைக்காரர் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். தோல் பதனிடுவதுபோல ஒரு பொருளைத் தயாரிக்கிற தொழிலுக்கு விட்ட இடமென்றால் ஆறு மாத நோட்டீசு வேண்டும். இந்தச் சட்டத்தை எழுதினவர்கள் வீடு ஒரு தெருவிலும் தொழிற்சாலை இன்னொரு தெருவிலும் இருக்கிற ஊரில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்படியா? முன்னால் சமையல், நடுவில் தூக்கம், பின்னால் தோல். ஒரே கூரைக்குள் மூன்றும் நடக்கிற கட்டடத்தை வீடு என்பதா, தொழிலிடம் என்பதா என்று கேட்டால் கட்டினவனே முழிப்பான்.

இவர் முழிக்கமாட்டார். தொட்டுப் பார்ப்பார். நான் அளந்து முடித்து, "ஆச்சு சார்" என்று எழுந்தால், "பாத்தாச்சு சரி பிளான்காரரே, தொட்டாச்சா?" என்பார். பானை என்றால் மூடியைத் திறந்து கையை விடுவார். சுவரென்றால் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே அறையைச் சுற்றி வருவார். தூளி கட்டுகிற வளையம் தேய்ந்திருக்கிறதா என்று எக்கிப் பிடித்துத் தொங்குவார். ஒருமுறை அரிசிக்குதிருக்குள் கையை விட்டு, அங்கே அடைகாத்துக்கொண்டிருந்த கோழியிடம் கொத்து வாங்கினார். ரத்தத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "எழுதுங்க, கோழி குடியிருக்குது" என்றார். நான் எழுதவில்லை.

மேல்விஷாரத்தில் ஒரு வழக்கு. குடியிருக்க விட்ட வீட்டில் பேச்சை மீறித் தோல் அடுக்கிக் கிடங்கு வைத்திருக்கிறார், காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னார். இல்லவே இல்லை, நானும் என் பிள்ளைகளும் படுத்துத் தூங்குகிற வீடு என்று வாடகைக்காரர் சொன்னார். அவர் தோல் தரகு பார்க்கிற சாயபு. உள்ளே கோஷா உண்டு என்பதால் கமிஷனர் ஒவ்வொரு வாசற்படியிலும் நின்று, வண்டிக்காரன் மாட்டை விரட்டுவதுபோல உரக்க இருமுவார். பெண்கள் அடுத்த அறைக்குப் போன பிறகுதான் நுழைவார். வீடு முழுக்கத் தேடியும் ஒரு தோல்கூட இல்லை. நான் பலகையைக் கட்டிவிட்டேன். இவர் கடைசி அறையில் இருந்த கட்டிலின்மேல் கையை வைத்தார். கை அப்படியே நின்றது. மெத்தை விரிப்பைத் தூக்கினால், உப்புப் போட்டுக் காயவைத்த ஆட்டுத்தோல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது.

"இன்னா பாய் இது?" என்றார் கமிஷனர்.

"மெத்தை ஐயா" என்றார் சாயபு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "பஞ்சு உடம்புக்குச் சூடு. இது குளிர்ச்சி."

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு வந்திருப்பார்கள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தத் தோலின்மேல் மல்லாக்கப் படுத்தார். வலப்பக்கம் திரும்பினார், இடப்பக்கம் திரும்பினார். சாயபுவும் நானும் வீட்டுக்காரரும் இரண்டு வக்கீல்களும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நிறைய நேரம் எடுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். அறிக்கையில் அவர் எழுதியது எனக்கு இன்றும் மனப்பாடம்: "பதினெட்டுத் தோல்கள். நான் படுத்துப் பார்த்தேன். ஒரு மனிதன் இதில் தூங்கலாம், ஆனால் இவர்கள் தூங்கவில்லை. விரிப்பில் தலை எண்ணெயின் பிசுக்கு இல்லை." சாயபு வழக்கில் தோற்றார். தோற்ற பிறகு அவர்தான் இவருக்குப் பெரிய தோஸ்து ஆனார். ஒவ்வொரு பண்டிகைக்கும் சொல்லியனுப்புவார். சைவக்காரரான இவர் போய் பாலில் சேமியா போட்ட ஷீர் குருமா மட்டும் குடித்துவிட்டு வருவார்.

இப்படியே சிரிப்பாகப் போயிருந்தால் நன்றாயிருக்கும். வேலூரில் செருப்புத் தைக்கிற ஒருவர் வழக்கு அப்படிப் போகவில்லை. நான் இங்கேதான் செருப்புத் தயாரிக்கிறேன், ஆறு மாதம் வேண்டும் என்று அவர் சொன்னார். நாங்கள் போனபோது அறை நடுவில் தோல் அடிக்கிற கல் இருந்தது, ஊசி இருந்தது, மெழுகு நூல் இருந்தது, பாதி தைத்த செருப்பு ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. மூலையில் பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகாத அவர் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கமிஷனர் குனிந்து அந்தக் கல்லைப் புரட்டினார். அடியில் கையை வைத்தார். தினம் சுத்தியல் விழுகிற கல்லாயிருந்தால் மண் தரை குழிந்திருக்க வேண்டும். தரை மெழுகினபடி மழமழவென்று இருந்தது. கல்லும் ஊசியும் யாரிடமோ இரவல். அவர் வேலை செய்வது வேறு ஒருவருடைய கடையில்.

செருப்புக்காரர் கமிஷனர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் பொங்கியது. "அந்தக் கல்லைப் புரட்டாம இருந்தா இன்னா சார் கெட்டுப்போயிடும்?" என்று கேட்டேன்.

"கை புரட்டிடுச்சு" என்றார். "புரட்டுனப்புறம் பாக்கலன்னு எழுத முடியுமா?"

வழக்கில் தோற்ற பதினைந்தாம் நாள் அந்தக் குடும்பம் மழையில் கிளம்பியது. தூளிக்குழந்தையின்மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டு போனார்களாம். அதைக் கேட்ட அன்று இவர் மத்தியானம் சாப்பிடவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த பிரியத்தில் ஒரு முள் அன்றைக்கு ஏறியது. இந்தக் கை யாரை வாழவைக்கும், யாரைத் தெருவில் நிறுத்தும் என்று கைக்கே தெரியாது. அதனால்தான் எல்லம்மாவின் வழக்குக்கு அவர் பெயர் வந்தபோது வேறு யாரையாவது அனுப்பக்கூடாதா என்று நினைத்தேன்.

எல்லம்மா ஆம்பூரில் பாலாற்றுப் பக்கத் தெரு ஒன்றில் இருந்தாள். புருஷன் போன பிறகும் மைத்துனனையும் அவன் பெண்சாதியையும் வைத்துக்கொண்டு ஆவாரம்பட்டை ஊறலில் ஆட்டுத்தோல் பதனிட்டு வந்தாள். தோல் அவளுடையதில்லை, ராணிப்பேட்டை வியாபாரி ஒருவர் நம்பிக் கொடுத்தது. தோல் குழியில் இருக்கும்போது வீட்டுக்காரர் பதினைந்து நாள் நோட்டீசு கொடுத்துவிட்டார். அவர் அரிசி மண்டி வைத்திருப்பவர். நான் குடியிருக்கத்தான் விட்டேன், அங்கே தொழில் எதுவும் கிடையாது என்று வழக்கும் போட்டார். வாடகை பேசினது வாய்ப்பேச்சு, எழுத்து கிடையாது. தோல் குழியை விட்டு வெளியே வர இன்னும் ஒன்றரை மாதம் ஆகும். நடுவில் எடுத்தால் பாதி வெந்த சோறு மாதிரி, எதற்கும் உதவாது. அந்தத் தோல் கெட்டால் அப்புறம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் அவள் கையில் ஒரு தோலைக்கூடக் கொடுக்கமாட்டார்கள். அவளுக்கு வேண்டியது ஆறு மாதம். அதற்கு அது தொழிலிடம் என்று கமிஷனர் கண்ணில் படவேண்டும். குழியும் தோலும் நாற்றமுமாக இருக்கிற இடத்தில் அது படாமல் எப்படிப் போகும் என்று அவளுடைய வக்கீல் நிம்மதியாக இருந்தார்.

காட்பாடியில் ரயிலேறி ஆம்பூரில் இறங்கினோம். இவர் பிளாட்பாரத்திலிருந்தே ஓட்டமும் நடையுமாகக் கிளம்பிவிட்டார். நான் பலகையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். தெருவுக்குள் நுழைந்தால், மற்ற வீடுகளிலிருந்து தோல் வாடை மூக்கைத் துளைக்கிறது. எல்லம்மா வீட்டிலிருந்து மட்டும் சாம்பிராணி வாசனை வருகிறது.

உள்ளே போனோம். நான் அப்படியே நின்றுவிட்டேன். சுவரெல்லாம் அன்றைக்கு அடித்த வெள்ளை. தரையெல்லாம் சாணி மெழுகல். பட்டை இடிக்கிற உரல் இல்லை, தோல் சீவுகிற கத்தி இல்லை, ஒரு மயிர் இல்லை. பின்கட்டில் முற்றம் முழுக்க மெழுகி, நடுவில் ஒரு வண்டிச்சக்கரம் அளவுக்குக் கோலம் போட்டிருந்தது. எல்லம்மா புதுச்சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் அத்தனை பெருமை.

அவளுடைய வக்கீல் தலையில் கையை வைத்துக்கொண்டார். "இன்னா பண்ணிவச்சிருக்கிற எல்லம்மா? இருக்கிறத இருக்கிறபடி காட்டுன்னு தானே சொன்னேன்?"

"கோர்ட்டே ஊட்டுக்கு வருதுன்னீங்களே சாமி" என்றாள் அவள். "பெரிய மனுசங்க வர்ற எடத்துல நாத்தத்தோடயா நிக்கிறது? மூணு நாளா நாங்க மூணு பேரும் தூங்கல."

அவளுக்குப் புரியவில்லை. ஊரில் எவனும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அவள் வாசலைக் கடப்பான். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கறுப்புக் கோட்டு அவள் வீட்டைப் பார்க்க வருகிறது. அதற்காக அவள் தன் பிழைப்பு மொத்தத்தையும் துடைத்து மறைத்து வைத்திருந்தாள். அந்தத் தெருவில் வேறு எந்த வீடாயிருந்தாலும் இதையேதான் செய்திருக்கும். வீட்டுக்காரரின் வக்கீல் வாயெல்லாம் பல்லாக, "பார்த்துக்கொள்ளுங்கள் சார், லட்சணமான குடித்தனம்" என்றார். மண்டிக்காரரும் நெஞ்சை நிமிர்த்தி, "எங்கப்பா கட்டின வீடுங்க. அன்னிக்கி கட்டினது, இன்னி வரைக்கும் ஒரு செங்கல் மாத்தல" என்றார்.

கமிஷனர் அதற்குள் சுவர்ப்பக்கம் போய்விட்டார். அவருக்கு ஏற்கெனவே உற்சாகம் தலைக்கேறிவிட்டது. சுவரைத் தடவினார், வெள்ளை ஒட்டியது. சுரண்டினார், அடியில் மஞ்சளாக ஒரு கறை. ஆனால் கறை எதிலிருந்து வந்தது என்று கறை சொல்லுமா? அடுப்பைத் தொட்டார், அடுக்குப்பானையில் கையை விட்டார், தூளி வளையத்தைப் பிடித்துத் தொங்கினார். எல்லாம் குடித்தனம்தான். ஒவ்வொன்றையும் எழுதுங்க, எழுதுங்க என்றார். நானும் எழுதினேன். எழுதுகிற ஒவ்வொரு வரியிலும் எல்லம்மா குழியில் மண் விழுகிறது என்று எனக்குத் தெரியும். குழி எங்கேம்மா என்று ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது. கமிஷனர் கேட்கமாட்டார். ஒரு தரப்புக்கு எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். நான் வாய் திறந்தால் என்னையே வெளியே அனுப்பிவிடுவார். அவளுடைய வக்கீல் வாயைத் திறந்தார், எதிர்த்தரப்பு வக்கீல் உடனே, "ஆட்சேபணை, கமிஷனர் தானாகப் பார்க்கட்டும்" என்று பாய்ந்தார்.

பின்கட்டுக்கு வந்தார். முற்றத்துக் கடைசிச் சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும், கோலம் குறுக்கே இருந்தது. ஒரு நிமிஷம் நின்றார். கோலத்தை மிதிக்கக் கூச்சப்பட்டு, ஓரமாக ஒரு காலை எட்டி வைத்தார்.

மடேரென்று ஒரு சத்தம். மனிதரைக் காணோம்.

சாணி மெழுகின பாய், பாய்க்கு அடியில் பலகை, பலகைக்கு அடியில் குழி. இடுப்புவரை ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். மூன்று நாள் அடக்கிவைத்த நாற்றம் ஒரே மூச்சில் கிளம்பி முற்றத்தை நிரப்பியது. சாம்பிராணி எங்கே போனதோ தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் மூக்கைப் பொத்த, எல்லம்மா மட்டும் ஓடிவந்து குழி விளிம்பில் விழுந்தாள்.

"அசையாதீங்க சாமி, காலத் தூக்காதீங்க. தோலு கீறிடும். வியாபாரி தோலு சாமி அது."

விழுந்த வக்கீலுக்கு அடிபட்டதா என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. குழிக்குள்ளிருந்தே குனிந்து கையை விட்டு, ஒரு தோலின் விளிம்பைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தார். முகமெல்லாம் பட்டைச்சாறு. அவரோடு பழகின இத்தனை நாளில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.

"எழுதுங்க பிளான்காரரே. குழி ஒண்ணு. ஆழம் இடுப்பளவு. தோலு ஊறுது. கமிஷனரும் ஊறுறாரு."

வீட்டுக்காரரின் வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை. அடுத்த நொடியே, "திருட்டுத்தனமாகத் தோண்டியிருக்கிறாள். எங்கள் கட்சிக்காரருக்குத் தெரியாது. விட்டது குடியிருக்கத்தான்" என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவர் சொல்வதில் சட்டம் இருந்தது. இப்போது என்ன நடக்கிறது என்பதைவிட, எதற்காக விட்டார்கள் என்பதுதான் கணக்கு.

கமிஷனர் தோலை மெதுவாகத் தண்ணீருக்குள் விட்டார். பிறகு அந்த வலது கையால் குழியின் உள்சுவரைத் தடவ ஆரம்பித்தார். தடவிக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்தார். எல்லம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா சாமி, மெதுவா" என்று கூடவே மேலே நகர்ந்தாள். வீட்டுச் சுவர் பக்கம் வந்ததும் நின்றார். கை தண்ணீருக்குள் தோள்வரை போயிருந்தது.

"பிளான்காரரே, குப்புறப் படுங்க. கையை விடுங்க."

"சார், நானா?"

"நான் தொட்டுட்டேன். நீங்க அளக்கணுமே."

எனக்கு அந்த வாடை தாங்கவில்லை. இருந்தாலும் படுத்தேன். கையை விட்டேன். குளிர்ந்த, வழவழத்த செங்கல். ஒரு வரிசை, இரண்டு வரிசை, மூன்று. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து மேலே கொண்டுவந்தார். குழியின் செங்கல் வரிசை எங்கும் அறுபடாமல் வந்து, வீட்டு அஸ்திவாரத்தின் செங்கல் வரிசையாகிவிட்டது. நடுவில் ஒட்டுப்போட்ட இடமே இல்லை. அதே அளவு கல், அதே சுண்ணாம்புக்காரை. வீட்டின் பின்சுவர் குழியின் ஒரு சுவர்மேல் உட்கார்ந்திருந்தது. குழியைத் தோண்டி அதன்மேல்தான் வீட்டையே எழுப்பியிருக்கிறார்கள். என் உடம்பெல்லாம் புல்லரித்தது. நாற்றம் மறந்துபோயிற்று. டேப்பை எடுத்து, நனைந்த கையோடு நான்கு இடத்தில் அளந்தேன். நான்கும் ஒன்றே.

கமிஷனர் குழிக்குள்ளிருந்து மண்டிக்காரரை அண்ணாந்து பார்த்தார். "இந்த வீட்டை யாருங்க கட்டினது?"

மண்டிக்காரர் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் வானத்தைப் பார்த்தார். ஒரு செங்கல் மாற்றவில்லை என்று அரைமணி முன்னால் அவர் சொன்னதை நான் எழுதி, இரண்டு தரப்பிடமும் கையெழுத்தும் வாங்கியிருந்தேன்.

வழக்கு தள்ளுபடியானது. தோல் பதனிடக் கட்டின இடத்தைத் தோல் பதனிடத்தான் விட்டிருக்கிறார்கள், ஆறு மாத நோட்டீசு இல்லாமல் வெளியேற்ற முடியாது என்று முன்சீப்பு எழுதினார். மண்டிக்காரர் அந்த இடத்தைக் காலிசெய்து தோல் ஏற்றுமதி ஏஜண்டு ஒருவருக்குத் தரப் பேசியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அந்தக் குழிக்காகத்தான் ஏஜண்டு கேட்டாராம்.

இதோடு முடித்தால் கதை சுகமாயிருக்கும். ஆனால் அன்றைக்கு நாங்கள் ஆம்பூரிலிருந்து திரும்பியதையும் சொல்ல வேண்டும். ரயில் பெட்டியில் எங்களைச் சுற்றி யாரும் உட்காரவில்லை. ஜட்கா வண்டிக்காரர் சாக்கு விரித்து உட்காரச் சொன்னார். கமிஷனர் வாடகைக்கு இருந்த தெரு வேலூரில் மடி ஆசாரம் பார்க்கிற தெரு. மூன்று தெரு தள்ளி வருபவன் என்ன ஜாதி என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார்கள். அங்கே இவர் இடுப்புக்குக் கீழே பழுப்பு நிறத்தில், தோல் வாடையோடு, நடுத்தெருவில் உற்சாகமாகப் பேசிக்கொண்டு இறங்கி நடந்தார். பின்கட்டுக் கிணற்றடியில் அவர் மனைவி வாளி வாளியாக இறைத்து ஊற்றினார்கள். கதவுக்குப் பின்னால் நின்று ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை என்று பேசுகிற அம்மாள். எத்தனை வருஷம் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன், முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. வேட்டியை எரித்தார்கள். காலில் ஏறின சாயம் போகவில்லை.

விழுந்ததைத் தெரு பார்க்கவில்லை, ஆனால் அறிக்கையில் அவரே எழுதியிருந்தார். கோர்ட்டில் அதைப் படித்தபோது எல்லோரும் சிரித்தார்கள், தெருவுக்குச் செய்தி போனபோது யாரும் சிரிக்கவில்லை. சில நாளில் அவருடைய வீட்டுக்காரரிடமிருந்து ஒரு நோட்டீசு வந்தது. மாதம் முடிகிற அன்று காலி செய்யவும். சரியாகப் பதினைந்து நாள். காரணம் எழுதவில்லை. காரணம் எழுதச் சட்டம் கேட்கவுமில்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "வழக்குப் போடுங்க சார். முன் அறையில கட்சிக்காரங்க வர்றாங்க. தொழிலிடம்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் எழுந்து தன் வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றினார். சமையல்கட்டுச் சுவரில் கையை வைத்தார். தூளி வளையத்தைப் பிடித்துத் தொங்கினார். திரும்பி வந்து, "வீடேதான் பிளான்காரரே. சந்தேகமே இல்ல. கட்சிக்காரங்க வந்தாலும் இங்க நான் இன்னாத்தத் தயாரிக்கிறேன்?" என்றார். குரலில் அதே உற்சாகம் இருந்தது.

அந்தத் தெருவில் வேறு யாரும் வீடு தரவில்லை. பஜாரைத் தாண்டி ஒரு சந்தில் கிடைத்தது. கடைசி நாள் காலையில் சாமானெல்லாம் கட்டித் தயாராக வைத்திருந்தோம். பேசிவைத்த வண்டிக்காரர் தெருமுனைவரை வந்தார். அங்கே யாரோ ஏதோ சொன்னார்கள், திரும்பிப் போய்விட்டார். இன்னொரு வண்டி தேடி நான் பஜாருக்கு ஓடினேன். ஒருத்தரும் வரவில்லை. அன்று பொழுதுக்குள் காலி செய்யாவிட்டால் மறுநாள் இவரை அத்துமீறிக் குடியிருப்பவர் என்பார்கள். கோர்ட்டில் நிற்கிற மனிதருக்கு அதைவிட அவமானம் வேண்டுமா? வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தால், தெருமுனையில் இரட்டை மாட்டு வண்டி ஒன்று நிற்கிறது. பக்கத்தில் எல்லம்மா, அவள் மைத்துனன். பதனிட்டு முடித்த தோலை ராணிப்பேட்டையில் வியாபாரியிடம் சேர்த்துவிட்டுக் காலி வண்டியோடு திரும்புகிறார்கள். கோர்ட்டுப் பக்கம் போய் இவரை விசாரித்திருக்கிறாள், யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

"சாமி ஊட்டு சாமான ஏத்தலாமான்னு கேட்டுச் சொல்லுங்க ஐயா" என்றாள் என்னிடம். "நாங்க இங்கயே நிக்கிறோம். வண்டி நாறும். தெருவுக்குள்ள வர்ல."

நான் பதில் சொல்வதற்குள் கமிஷனர் வாசலிலிருந்து இறங்கி ஓடிவந்து மாட்டுக் கயிற்றைப் பிடித்துவிட்டார். பிடித்தவர் தெருவுக்குள் இழுத்தும் வந்துவிட்டார். எல்லம்மா கையைப் பிசைந்துகொண்டு பின்னாலேயே வந்தாள். வாசல்வாசலாக ஆட்கள் எழுந்து நின்றார்கள். இவருடைய வீட்டுக்காரர் எதிர்வாசலிலிருந்து வேகமாக வந்து வண்டிக்குக் குறுக்கே நின்றார். "இது நிக்கக்கூடாது. இந்த வண்டி எங்க வீட்டு வாசல்ல நிக்கவே கூடாது. வெளியே ஓட்டுங்க" என்றார்.

ஆறு வருஷமாகத் தினம் பார்க்கிற முகம், கமிஷனர் பிடித்திருந்த கயிற்றை விட்டுவிட்டார். எல்லம்மாவின் மைத்துனன் மாட்டைத் திருப்பப் போனான்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து கமிஷனர் வீட்டம்மாள் வெளியே வந்தார்கள். முதல் தடவையாக அவர்கள் முகத்தை வெயிலில் பார்த்தேன். கையில் நோட்டீசுக் காகிதம். படியிறங்கி வீட்டுக்காரர் எதிரில் போய் நின்றார்கள்.

"இதுல நீங்க என்ன தேதி போட்டிருக்கீங்க?" என்றார்கள். "இன்னிக்கித் தேதி. இன்னிக்கிப் பொழுது முடியற வரைக்கும் இது எங்க வீடு. எங்க வீட்டு வாசல்ல யாரு வண்டி நிக்கணும்னு நாங்கதான் சொல்லணும். வாம்மா எல்லம்மா. வண்டிய நல்லா வாசலுக்கு நேராக் கொண்டாந்து நிறுத்து."

வீட்டுக்காரர் காகிதத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், விலகினார். வண்டி வாசலுக்கு நேராக வந்து நின்றது. முதல் சாமானை அந்த அம்மாளே கொண்டுவந்து எல்லம்மா கையில் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் ஏற்றி முடிக்கச் சாயங்காலம் வரை ஆயிற்று. நாங்கள் யாரும் அவசரப்படவில்லை.